படத்துல ஒரு குறையும் இல்ல

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க அண்ணாச்சி, எனக்கு வெயில் ஆகாது. ஏ.சி.யிலயே உக்காந்து உக்காந்து ஒடம்பு அப்படி ஆகிப்போச்சு. இந்தப் பைய மட்டும் காலுக்குக் கீழ வச்சுக்கறேன், மேல போட்டா கசங்கிரும். பட்டுப்பாவாடை இருக்கு. தங்கச்சி மகளுக்கு நாளைக்குக் காது குத்து. நான்தான் தாய்மாமன். ஒரே தாய்மாமன். என் மடியில உக்கார வச்சுத்தான குத்தணும், அதுதான முறை?

அழைப்பு வரலை. அதையும் சொல்லிடறேன், அப்புறம் மறைச்சிட்டேன்னு இருக்கக்கூடாது. ஊர்ல இருக்கற பங்காளி ஒருத்தன் பத்திரிகையப் படம் எடுத்துப் போன்ல அனுப்பினான். நல்லா பெருசாக்கிப் பாத்தேன். சித்தப்பன், பெரியப்பன், பக்கத்து வீட்டுக்காரன் வரைக்கும் போட்டிருக்கு. என் பேரு இல்ல. இருக்கட்டும். பத்திரிகையில பேரு இல்லாததுனால முறை இல்லாமப் போயிருமா? கூடப் பொறந்தவ வீட்டுக்குப் போக வெத்தல பாக்கு வேணுமா என்ன? வாசல்ல போயி நிப்பேன். உள்ள விட்டா விடட்டும், விடாட்டி பாவாடையக் குடுத்துட்டு வந்துருவேன். ஆனா விடுவா. நம்மளப் பாத்த பிறகு எப்படி விடாம இருப்பா?

நீங்களே நியாயம் சொல்லுங்க. சொந்தக்காரங்ககிட்டச் சொன்னா ஆளுக்கொரு பக்கம் சாஞ்சிருவாங்க. உங்களுக்கு நானும் வேண்டாம், அவளும் வேண்டாம்.

நான் டி.வி.யில வேலை பாக்கறேன். தவசிலிங்கம்னு பேரு. அப்படிப் பாக்காதீங்க, மூஞ்சி தெரியற வேலை இல்ல. அம்பத்தூர் பக்கம் ஒரு கட்டடம், வெளிய இருந்து பாத்தா ஏதோ குடோன்னு நெனப்பீங்க. உள்ள போனா பெரிய ஹாலு, ஒரு செவுரு முழுக்கத் திரை. எந்த மூலையில கபடி நடந்தாலும், தேர் ஓடினாலும், கட்சிக்காரங்க மாநாடு போட்டாலும் படம் மொதல்ல எங்ககிட்டத்தான் வரும். எங்ககிட்ட இருந்துதான் உங்க வீட்டுக்குப் போகும். எந்தக் கேமராவ எப்பக் காட்டணும், எப்ப விளம்பரம், எழுத்து எங்க ஓடணும், அம்புட்டும் அங்க உக்காந்தே பண்றது. வர்ணனை பேசுறாரே, ‘மைதானத்துல வெயில் கொளுத்துது’ன்னு, அவரும் எங்க பக்கத்து ரூம்ல சால்வையப் போத்திக்கிட்டுத்தான் பேசுவாரு. மைதானம் எந்தத் திசையில இருக்குன்னு கேட்டா அவருக்குத் தெரியாது.

முன்ன இப்படி இல்ல. ஒரு மேட்ச்னா பெரிய வேன் ஒண்ணு போகும், ஓ.பி. வேன்னு சொல்லுவோம். கூடவே கல்யாண கோஷ்டி மாதிரி ஆளுங்க. டைரக்டர் வேனுக்குள்ள உக்காந்திருப்பாரு. ஒவ்வொரு கேமராமேனுக்கும் கீழ ஒரு அசிஸ்டென்ட் நிப்பான், கேபிள இழுத்துவிட, தண்ணி குடுக்க, குடை பிடிக்க. வேனைச் சுத்தி சமையல், சீட்டுக்கச்சேரி, சண்டை. எல்லாம் தண்டச் செலவு. இப்பக் கேமராமேன் போனாப் போதும், கூட ஒரு இன்ஜினியர், ஒரு பொட்டி. மிச்சமெல்லாம் சென்னையில. இந்த மாத்தம் வந்தப்ப மீட்டிங்ல எல்லாரும் திருதிருன்னு முழிச்சாங்க. நான்தான் எந்திரிச்சேன். ‘கேபிளே இல்லைங்கறப்பக் கேபிள் தூக்க ஆள் எதுக்கு சார்?’னு கேட்டேன். கம்பெனிப் பெரியவரு மேசையத் தட்டிச் சிரிச்சாரு. கொஞ்ச நாள்லயே என்னை ஷிஃப்ட் பொறுப்புக்குப் போட்டுட்டாங்க. ஆளக் கொறச்சதுல டைரக்டர் வேலையும் எங்க தலையிலதான் விழுந்துச்சு, அது வேற கதை.

என் வேலை என்னன்னா, பாக்கறது. கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாக்கணும். ஆனா நீங்க பாக்கறதும் நாங்க பாக்கறதும் ஒண்ணு இல்ல அண்ணாச்சி. நீங்க யாரு ஜெயிக்கறான்னு பாப்பீங்க. நாங்க படம் ஒழுங்கா வருதா, கட்டம் கட்டமா ஒடையுதா, கருப்பாப் போகுதா, உறைஞ்சு நிக்குதான்னு பாப்போம். வீட்டுக்குப் போனா என் சம்சாரம் கேப்பா, யாரு ஜெயிச்சதுன்னு. எனக்குத் தெரியாது. ஒரு தடவை யாரோ பெரிய மனுஷனோட இறுதி ஊர்வலம், பகல் முழுக்கப் பாத்தேன். செத்தது யாருன்னு மறுநாள் பேப்பரப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். சிரிக்காதீங்க. தொழில்னா அப்படி இருக்கணும். படத்துக்குள்ள போயிட்டோம்னா வேலை கெட்டுச்சு.

என் தங்கச்சி பேரு கற்பகம். அவ புருஷன் சீனிராஜ். நான் மாப்ளன்னுதான் கூப்புடுவேன். அருப்புக்கோட்டையில கல்யாண வீடியோ எடுத்துக்கிட்டிருந்தான். நான்தான் சென்னைக்குக் கூட்டிட்டுப் போயி எங்க ஸ்டேஷன்ல சேத்துவிட்டேன். நல்ல கை அண்ணாச்சி. சும்மா சொல்லக்கூடாது, கபடியில ரெய்டு போறவன் கால வச்சு இழுக்கறப்ப அவன் கேமராவும் கூடவே வழுக்கிக்கிட்டுப் போகும். நடுங்காது, குலுங்காது. அதனாலதான் மூணாம் நம்பர் கேமரா. சாரம் கட்டி ஒசரத்துல பலகை போட்டு, மேல ஏறி நிக்கணும். மொத்த மைதானமும் அவன் கையில. அதுல நிக்கறவன் எறங்க முடியாது, ஒண்ணுக்குப் போகணும்னாலும் விளம்பரம் வரணும்.

சொந்தக்காரனாச்சேன்னு சலுகை காட்டினேனான்னு கேளுங்க. காட்டலை. பனைமரத்தடியில பாலக் குடிச்சாலும் கள்ளுன்னுதான் சொல்லுவான். அதனால மத்தவனுக்கு ஒரு சொல்லுன்னா அவனுக்கு ரெண்டு சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரியே சொல்லுவேன். அவனுக்கு மூஞ்சி சுண்டிப்போகும். சாயங்காலம் போன் பண்ணி, ‘மச்சான், வேற ஒருத்தன்னா இப்படிப் பேசியிருப்பீங்களா?’ன்னு கேப்பான். ‘வேற ஒருத்தன்னா எனக்கென்ன பயம்?’னு சொல்லுவேன். அவனும் விட்டுருவான். கோவத்த வச்சுக்கத் தெரியாதவன்.

அன்னைக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு ஸ்கூல் மைதானத்துல கபடி மேட்ச். கத்திரி வெயில். மதியம் வெயில் எறங்கறதுக்குள்ளயே ஆரம்பிச்சுட்டாங்க, சாயங்காலத்துக்கு டி.வி.யில வேற நிகழ்ச்சி இருந்துச்சு. ஆரம்பிக்கறதுக்கு முன்னால டாக்பேக்ல கூப்புட்டான். டாக்பேக்னா ஒண்ணுமில்ல, அவன் காதுல மாட்டியிருக்கற ஹெட்போன், அதுல நாங்க சென்னையில இருந்து பேசுவோம், அவனும் திருப்பிப் பேசலாம். ‘மச்சான், மேல நெழல் இல்ல. தலை என்னமோ பண்ணுது. ஒரு குடையாவது கட்டச் சொல்லுங்க. நடுவுல யாரையாவது மாத்தி விடுங்க’ன்னான். ஹால்ல எல்லாரும் இருக்காங்க, இவன் மச்சான்ங்கறான். எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. ‘குடை கட்டினா நாலாம் நம்பர் கேமராவுல அசிங்கமாத் தெரியும். மத்தவன் நிக்கலையா? நில்லு’ன்னேன். அதுக்கப்புறம் அவன் பேசலை. சரி, மொறச்சுக்கிட்டான், சாயங்காலம் சரியாப் போயிரும்னு விட்டுட்டேன்.

அண்ணாச்சி, இங்க கொஞ்சம் கவனமாக் கேளுங்க, ஏன்னா இதுலதான் எல்லாரும் என்னைத் தப்பாப் பேசறாங்க.

எங்ககிட்ட ஒரு மிஷினு இருக்கு. ஏதாவது படம் அசையாம நின்னா செவப்பு வெளக்கு எரிஞ்சு சத்தம் போடும். லைன் அடைச்சுக்கிட்டா படம் உறைஞ்சிரும்ல, அதக் கண்டுபிடிக்க. மேட்ச் பாதியில மூணாம் நம்பருக்கு அந்தச் சத்தம் வந்துச்சு. நான் உடனே பாத்தேன். லைன் நல்லா இருக்கு. எல்லாம் பச்சை. திரும்பவும் படத்தப் பாத்தேன். முக்கால்வாசி வெறும் தரை, ஒரு மூலையில மட்டும் கொடி ஆடுது, கேமரா அசையலை. அப்பப் படம் உறையலை, சரிதான? பழுது எங்க பக்கம் இல்ல. சத்தத்த நிறுத்தினேன். வேற எவனா இருந்தாலும் அதத்தான் செய்வான். இன்னைக்கு என்னை அந்த நாற்காலியில உக்கார வச்சாலும் அதத்தான் செய்வேன்.

லைன் நல்லா இருக்கு, கேமரா நகரலைன்னா என்ன அர்த்தம்? ஆளு வேணும்னே நகத்தலைன்னுதான அர்த்தம்? ‘மூணு, வலது பக்கம் போ’ன்னேன். போகலை. ‘மாப்ள, போ’ன்னேன். போகலை. காதுல ஏதோ சத்தம் வந்துச்சு, வாய்க்குள்ள எதையோ வச்சுக்கிட்டுப் பேசற மாதிரி, கொழகொழன்னு. மூச்சு வேற புஸ்ஸு புஸ்ஸுன்னு. பக்கத்துல இருக்கற பொண்ணு கேக்குறா, ‘சார், உங்க மாப்ள வெத்தல போட்டிருக்காரா?’ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மானம் போச்சு அண்ணாச்சி. டாக்பேக்ல ரெண்டு பட்டன் உண்டு. அவங்க பேசறத நாங்க கேக்க ஒண்ணு, நாங்க பேசறது அவங்களுக்குப் போக ஒண்ணு. கேக்கற பட்டன அமுத்தி அவன் சத்தத்த மூடினேன். ‘நடிக்காத’ன்னேன். ‘நடிக்காதடா, எல்லாரும் பாக்கறாங்க. நடிக்காத.’ திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் பேசற பட்டன் எப்பவும் தெறந்தேதான் கெடக்கும், ரெண்டு கையும் வேலையில இருக்கறதுனால. சொன்னேன், ஆமா. மாமன் மச்சான் முறை, ரெண்டு வார்த்தை சொல்லக்கூடாதா?

அப்புறம் மூணாம் நம்பர விட்டுட்டு நாலாம் நம்பருக்குப் போயிட்டேன். அது எதிர்ப்பக்கம். கூட்டம், தூசி, சாஞ்ச வெயில், நடுவுல அந்தச் சாரம். அழகான படம். ‘இதையே வைங்க’ன்னு நான்தான் சொன்னேன். அந்தப் படத்துல சாரத்து மேல ஒரு ஆளு கேமராவுல சாஞ்சாப்புல உக்காந்து, ஒரு கையத் தூக்கித் தூக்கி ஆட்டறது தெரிஞ்சுச்சு. வர்ணனைக்காரரு சும்மா இருப்பாரா? ‘இதோ நம்ம கேமரா நண்பர் நேயர்களுக்கு வணக்கம் சொல்றார்’னாரு. ஹால்ல கைதட்டுனாங்க. நானும்தான், திமிரப் பாரு, என்னைக் கடுப்பேத்தக் கையாட்டுறான்னு நெனச்சேன். படத்துல ஒரு குறையும் இல்ல. அம்புட்டுச் சுத்தம். ரெக்கார்டிங் இருக்கு, வேணும்னா யாரு வேணாலும் பாக்கட்டும்.

கற்பகம் அருப்புக்கோட்டை வீட்டுல இருந்து அதே படத்தப் பாத்திருக்கா. சீனிராஜ் எடுக்கற மேட்ச்னா அவ விடமாட்டா. யாரு ஜெயிக்கறான்னு பாக்க இல்ல, எப்பவாவது அந்தச் சாரம் தெரியுமான்னு பாக்க. தெரிஞ்சா புள்ளகிட்ட, ‘அந்தா அப்பா’ம்பா. அன்னைக்கு அவன் கையாட்டவும் புள்ளயும் டி.வி.யப் பாத்துக் கையாட்டியிருக்கு. கற்பகத்துக்குத் திக்குன்னு ஆயிருக்கு. அவர் கேமராவ விட்டுக் கைய எடுக்க மாட்டாரு, அதுவும் இடது கைய ஏன் ஆட்டறாரு, வலது கை எங்கன்னு. இத அவளே அப்புறம் ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் சொன்னது. நான் கேக்கறேன், எறும்பு கணக்கா இருந்திருப்பான் அந்தப் படத்துல. வீட்டு டி.வி.யில வலது கை இடது கை தெரியுமா? எனக்கே தெரியலை. என் திரை எம்புட்டுப் பெருசு தெரியுமா?

எனக்குத்தான் போன் அடிச்சிருக்கா. அடிச்சுக்கிட்டே இருந்திருக்கா. ஹாலுக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது அண்ணாச்சி, வாசல்ல பெட்டியில வச்சுப் பூட்டிட்டுத்தான் போகணும். அந்த விதியக் கறாரா கொண்டுவந்ததே நான்தான், பசங்க வீடியோ பாத்துக்கிட்டே இருந்தாங்கன்னு. அவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனா அந்த நேரத்துல தெரிஞ்சதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும். அப்புறம் அவகூடப் படிச்சவ ஒருத்தி ஒட்டன்சத்திரத்துல வாக்கப்பட்டிருக்கா, அவளப் பிடிச்சு, அவ புருஷன் வண்டிய எடுத்துக்கிட்டு மைதானத்துக்கு ஓடி, கூட்டத்துல முண்டியடிச்சு, சாரத்துல ஏறி… அதுக்கே நேரம் ஆயிருச்சு.

அந்த ஆளு ஏறினப்ப மூணாம் நம்பர் படம் ஆட ஆரம்பிச்சது. அப்பத்தான் நான் திரும்ப அதப் பாத்தேன். ‘யாருய்யா அது கேமரா மேல ஏறுறது, எறக்கிவிடுங்க, செக்யூரிட்டி எங்க?’ன்னு கத்தினேன். என் வேலை அது. கேமரா ஆடினா நான் கத்தணும். ஒரு வெள்ளைச் சட்டை மறைச்சுது, அப்புறம் வானம் தெரிஞ்சுச்சு, அதோட அந்தக் கேமரா அப்படியே வானத்தப் பாத்துக்கிட்டு நின்னுபோச்சு. மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பாம். வலது பக்கம் முழுக்க விழுந்துபோச்சு, பேச்சும் போச்சு. ஆளு விழுந்துட்டான்னு மைதானத்துல இருந்த இன்ஜினியர் டாக்பேக்ல சொன்னப்பத்தான் எனக்குத் தெரியும். பொய் சொல்லலை. ஆனா மேட்ச் ஓடிக்கிட்டிருக்கு. லைவ் அண்ணாச்சி. எந்திரிச்சுப் போக முடியுமா? மிச்ச மூணு கேமராவ வச்சு மேட்ச முடிச்சேன். ஒரு எடத்துல கூடப் படம் கருப்பாப் போகலை. அதுக்குக் கம்பெனியில கேடயம் குடுத்தாங்க, ‘நெருக்கடியிலும் தடையில்லா ஒளிபரப்பு’ன்னு பொறிச்சு. வேணாம்னு சொன்னா மரியாதையா இருக்காதுன்னு வாங்கிக்கிட்டேன். வீட்டு ஹால் அலமாரியில இருக்கு.

முடிச்ச கையோட கார் பிடிச்சு திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். சோறு தண்ணி இல்ல. அங்க போனா கற்பகம் ஒரு பெஞ்சுல உக்காந்திருக்கா, புள்ள மடியில தூங்குது. ‘கற்பகம்’னேன். நிமிந்து பாத்தா. அழலை, கத்தலை. ‘நீ பாத்துக்கிட்டுத்தானண்ணே இருந்த?’ன்னா. அம்புட்டுதான். பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அது என் வேலை. ‘லைன்ல ஒரு கோளாறும் இல்லம்மா’ன்னேன். அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அன்னைக்குத் திருப்பினவதான், இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை இல்ல. தீவாளிக்குப் போனேன், கதவத் தெறக்கலை. உள்ள டி.வி. சத்தம் கேக்குது, தெறக்கலை. வாசப்படியில நின்னு நான் அழுதேன் அண்ணாச்சி. எங்கப்பன் செத்தப்பகூட நான் அப்படி அழலை.

டாக்டர் சொன்னாராம், கொஞ்சம் முன்னக் கொண்டாந்திருந்தா இம்புட்டு ஆகியிருக்காதுன்னு. டாக்டருங்க எல்லாருகிட்டயும் அதத்தான் சொல்லுவாங்க. நீங்க சொல்லுங்க, என்மேல என்ன தப்பு? நான் இருக்கறது சென்னையில. அவன் இருக்கறது ஒட்டன்சத்திரத்துல. அங்க அம்புட்டுச் சனம் இருந்துச்சே, கீழ நின்னவன் ஒருத்தனாவது அண்ணாந்து பாத்தானா? அசிஸ்டென்ட் இருந்திருந்தா பாத்திருப்பான்கறீங்களா? அது… அது கம்பெனி முடிவு அண்ணாச்சி. நான் ஒரு யோசனை சொன்னேன், அவங்க முடிவெடுத்தாங்க.

என்ன, காரியாபட்டியா? எறங்கி ஒரு டீ குடிப்போம் வாங்க, அஞ்சு நிமிஷம் போடுவான்.

சொல்றேன். இத என் சம்சாரத்துகிட்டகூடச் சொன்னதில்ல. எனக்கு இருக்கற பயம் ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பட்டன். நான் அவன் சத்தத்தத்தான மூடினேன், என் சத்தம் அவன் காதுக்குப் போயிக்கிட்டேதான இருந்திருக்கும்? ஹெட்போன் காதுலயேதான் இருந்துச்சு, எறக்கினப்பதான் கழட்டினாங்களாம். சில நாள் படுத்தா தூக்கம் வராது. பொறவு நானே தேத்திக்குவேன், அவனுக்கு அப்ப நெனவே இருந்திருக்காதுன்னு. ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரத் தனியாப் பிடிச்சுக் கேட்டேன், ‘அந்த நேரத்துல நடந்தது அவருக்கு ஞாபகம் இருக்குமா சார்?’னு. ‘பெரும்பாலும் இருக்காது’ன்னாரு. அக்கறையில கேக்கறேன்னு நெனச்சுக்கிட்டாரு. பெரும்பாலும்னுதான் சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைய நான் எத்தனை தரம் புரட்டிப் பாத்திருப்பேன். அதுலயும் அவனுக்குப் பேச்சு வேற இல்ல. நான் நல்லது நெனைக்கலைன்னு நெனச்சுராதீங்க. அவன் எந்திரிச்சு நடக்கணும்னு திருச்செந்தூருக்கு வேண்டியிருக்கேன். நடக்கணும்னுதான் வேண்டியிருக்கேன்.

ஏறுங்க, வண்டிய எடுக்கறான்.

நாளைக்குப் புள்ள மடியில உக்காந்தாப் போதும் அண்ணாச்சி. காது குத்தறப்ப அழும்ல, தாய்மாமன் சட்டையத்தான் புடிச்சுக்கிட்டு அழணும். சீனிராஜ் ஒரு ஓரமா நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டிருப்பான். அவன் கையப் பிடிச்சு, ‘மாப்ள, எல்லாம் சரியாயிரும்’னு சொல்லிரணும். கற்பகம் ஒரு தடவை அண்ணேன்னு கூப்புட்டுட்டாப் போதும், மிச்சத்த நான் பாத்துக்குவேன்.

ஒரு நிமிஷம் அண்ணாச்சி. போன்.

அண்ணாச்சி, கற்பகம். கற்பகம்தான் கூப்புடறா.

சொல்லும்மா. ஆமாம்மா, பஸ்ஸுலதான். யாரு, பங்காளியா சொன்னான்? வரேன்மா, வந்துக்கிட்டே இருக்கேன். இல்லம்மா, நான் ஒண்ணும் நெனச்சுக்கலை. நீ என் கூடப் பொறந்தவ. அழாத. புள்ளைக்குப் பாவாடை எடுத்திருக்கேன், மாம்பழக் கலரு. என்னம்மா? பேச்சு வந்துருச்சா? எப்ப? நல்ல செய்தி சொன்னம்மா, நல்ல… என்ன? என்ன சொல்றான்?

ம். ம். சரிம்மா.

கேக்குதும்மா. லைன் நல்லாத்தான் இருக்கு. கேட்டுச் சொல்றேன். வச்சிடறேன்.

ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நல்ல செய்திதான். தண்ணி இருக்கா? குடுங்க.

அவளே கூப்புட்டுட்டா பாத்தீங்களா. அண்ணேன்னா. ‘மனசுல ஒண்ணும் வச்சுக்காதண்ணே, புள்ள உன் மடியிலதான் உக்காரணும், அவரு பேசினதும் எனக்கு எல்லாக் கோவமும் போயிருச்சு’ன்னா. நேத்துக் காலையில இட்லி ஊட்டறப்பத் திடுக்குன்னு வாயத் தெறந்துட்டானாம். ஒரே ஒரு வார்த்தைதான் வருதாம். அதையே திரும்பத் திரும்பச் சொல்றானாம், அவளப் பாத்தாலும், புள்ளயப் பாத்தாலும், செவத்தப் பாத்தாலும். ‘நடிக்காத. நடிக்காத.’ புள்ள அத வெளையாட்டுன்னு நெனச்சுக்கிட்டு அதுவும் கூடச் சேந்து சொல்லுதாம். பேச்சுப் பயிற்சி குடுக்கற டாக்டரம்மா சொன்னாங்களாம், விழுறதுக்கு முன்னாடிக் கடைசியாக் காதுல கேட்டது சில பேருக்கு இப்படி அப்படியே நின்னுரும்னு.

கற்பகம் சொல்றா, ‘அண்ணே, உயிருக்குத் தவிச்சுக்கிட்டிருந்தவருகிட்ட அந்த மைதானத்துல எந்தப் பாவி அப்படிச் சொல்லியிருக்கான்னு தெரியணும். அங்க இருந்தவங்க எல்லாரையும் உனக்குத்தான் தெரியும். நீ வந்து கண்டுபிடிச்சுச் சொல்லு. அவன நான் நேருக்கு நேரா ஒரு வார்த்தை கேக்கணும்’ங்கறா. என்கிட்டத்தான் கேக்கறா அண்ணாச்சி. வேற யாருகிட்ட கேப்பா?

அந்தா தெரியுது பாருங்க, அருப்புக்கோட்டை. இல்ல, நீங்க பைய எடுத்துக் குடுக்க வேண்டாம், கெடக்கட்டும். நீங்க தூத்துக்குடிதான? கண்டக்டர் இந்தப் பக்கம் வந்தாச் சொல்லுங்க, நானும் அதுவரைக்கும் ஒரு டிக்கெட் எடுத்துக்கறேன்.